எட்டுப் பெட்டி கண்ணாடி வீரன்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் தம்பி பெண்டாட்டிக்குக் காலை நேரத்தில் மட்டும் வயிற்றைப் புரட்டுகிறது. மூன்றாவது மாதத்தில் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அத்தானின் முதுகு எப்படி இருக்கிறது? ஈரத் துணி வாளியைத் தூக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் லாரி சர்வீஸில் உன் பெயருக்கு நான்கு பெட்டிகள் வரும். ஒவ்வொன்றிலும் ஐம்பது காமிக்ஸ் புத்தகம். எல்லாம் ஒரே புத்தகம்தான்: 'கண்ணாடி வீரன்' முதல் இதழ். சிரிக்காதே. போன மாதம் பழைய காமிக்ஸ் முதல் இதழ் ஒன்றை ஏலத்தில் ஒருவன் வீடு வாங்குகிற விலைக்கு வாங்கினான். ஏன் அந்த விலை? அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் படித்துவிட்டுப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்கள், மிஞ்சியது நாலைந்துதான். இப்போது நாங்கள் உஷாராகிவிட்டோம். வாங்குவோம், படிக்க மாட்டோம்.

புத்தகம் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வருகிறது. உறை பிரிந்தால் அது வெறும் காகிதம். பிரியாவிட்டால் பொக்கிஷம். எங்கள் ஒற்றை அறையில் சுவரெல்லாம் பூசணம். உன் லாண்டரிக்கு மேலே இருக்கிற அறையோ கீழே டிரையர் ஓடுகிற சூட்டில் வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. அதனால்தான் உன்னை நம்பி அனுப்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் கடை போன் மெஷின்களுக்கு நடுவில் இருக்கிறது. நீயும் நானும் கத்துகிற கத்தலில் ஊருக்கே ரகசியம் தெரிந்துவிடும். இனி எல்லாம் கடிதம்தான்.

திறக்காதே, பிரிக்காதே, யாரிடமும் சொல்லாதே.

பெட்டிகளை உன்னிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகும்,
தம்பி

*

ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் அத்தானின் முதுகைத் தவிர. வாளியைத் தூக்காதீர்கள் என்றால் மெஷினையே நகர்த்தப் போகிறார். அவளை மாடிப்படி அதிகம் ஏறி இறங்கவிடாதே. சாப்பிட்டது தங்குகிறதா என்று எழுது.

உன் பொக்கிஷம் வந்து சேர்ந்தது. மூன்று பெட்டி முழுசாக. நான்காவதை லாரிக்காரன் படியில் போட்டுவிட்டான், ஓரம் பிய்ந்துவிட்டது. நான் பார்த்துச் சரிசெய்துவிட்டேன், நீ ஒன்றும் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

மிட்டாய் வாங்கினால் கடை வாசலைத் தாண்டுமுன் உறையைக் கடாசுகிற பிள்ளை நீ. இருநூறு உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறாய் என்றால் உன்னை என்ன செய்தார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. அது போகட்டும், அந்தக் கண்ணாடி வீரனின் வெள்ளை மேலங்கியை யார் துவைக்கிறார்கள்? தூசி மன்னனோடு அத்தனை பக்கம் மண்ணில் புரண்டு சண்டை போட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் பளிச்சென்று வந்து நிற்கிறானே. என் கடையில் கொடுத்தால் அதற்கு இரண்டு நாள் ஆகும், கறைக்குத் தனி ரேட்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதற்கெல்லாம் பணம் ஏது? பிரசவத்துக்கு முன்னால் இரண்டு அறை வீட்டுக்குப் போக வேண்டும் என்று அட்வான்ஸுக்குச் சேர்த்தாயே, அதைத் தொட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். பதில் எழுது.

மேலே உன் பெட்டிக்கும் கீழே உன் அத்தானுக்கும் காவல் இருக்கும்,
அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அவளுக்கு வாந்தி நின்று இப்போது பசி பிடித்துக்கொண்டது. அத்தானுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

உட்கார்ந்துகொண்டு படி. விலை இரண்டு மடங்கு! எங்கள் வியாபாரத்துக்கு மாதா மாதம் விலைப் புத்தகம் ஒன்று வருகிறது. எந்த இதழுக்கு எங்கே என்ன விலை, எது ஏறுகிறது, எது இறங்குகிறது, எல்லாம் அதில் இருக்கும். இந்த மாதம் கண்ணாடி வீரனுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறி. முதல் ஆளாக வாங்கியவன் யார்? உன் தம்பி.

பல்செட் லேப் வேலையை விட்டுவிட்டேன். அடுத்தவன் வாய்க்கு அளவெடுத்தது போதும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேசை போட்டிருக்கிறேன். என்னைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நிற்கிறார்கள். முன்பெல்லாம் 'பல்செட்' என்று கூப்பிட்டவர்கள் இப்போது 'பல்செட் சார்' என்கிறார்கள். நான் வாங்கு என்றால் வாங்குகிறார்கள்.

இப்போது உனக்கு ஒரு துப்பறியும் வேலை. விலைப் புத்தகத்தில் இன்னொரு வரி இருந்தது. உன் ஊர்ப் புத்தகக் கடையில் கண்ணாடி வீரன் வருகிற அன்றே தீர்ந்துவிடுகிறதாம். அந்தச் சின்ன ஊரில்! அங்கே எவனோ ஒரு பெரிய கை கமுக்கமாக வாங்கிக் குவிக்கிறான். அவனுக்கு ஏதோ உள்தகவல் கிடைத்திருக்கிறது. சினிமா எடுக்கப் போகிறார்களோ என்னவோ. அவன் யார் என்று கண்டுபிடி.

ஆமாம், தூசி மன்னனைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும்? அட்டையில் வீரன் முகம் மட்டும்தானே இருக்கிறது?

காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு,
பல்செட் சார்

*

மார்ச் 12

அன்புள்ள பல்செட் சாருக்கு,

அக்காவின் ஆசிகள். ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து என் கைதான் வலிக்கிறது, அவர் முதுகு தேவலை. ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டதே, குழந்தை அசைகிறதா? அவளையே இரண்டு வரி எழுதச் சொல்.

தூசி மன்னனா? கடைக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்வார்கள், காதில் விழும். துணி துவைத்துக் காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து வேறு என்னதான் செய்வார்கள்?

நீ சொன்னபடி துப்பறிந்தேன். புத்தகக் கடைக்காரர் நம் கடையில்தான் சட்டையை வெளுக்கப் போடுகிறார், கேட்டதும் கொட்டிவிட்டார். பெரிய கையும் இல்லை, சின்ன கையும் இல்லை. பஸ் டிரைவர் ஒருவர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, ஹாஸ்டல் பெண்கள் நாலு பேர், ஒரு தபால்காரர், இப்படித்தான். ஆளுக்கு ஒன்று வாங்குகிறார்கள், கடை வாசலிலேயே உறையைக் கிழித்துப் படிக்கிறார்கள், அடுத்தது எப்போது வரும் என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் இரண்டாவது இதழ்தான் வேண்டுமாம். முதல் இதழ் எங்கேயோ படித்துவிட்டார்கள்.

ஒட்டிய உறை வேண்டும் என்று இதுவரை இங்கே ஒருவரும் கேட்கவில்லை. இதையும் உன் விலைப் புத்தகத்தில் போடச் சொல்.

வேலையை விட்டதை என்னிடம் கேட்கவில்லை, பரவாயில்லை. அட்வான்ஸ் பணத்தைப் பற்றி நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை. அது பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன்.

உன் பதிலுக்காகத் தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருக்கும்,
அக்கா

*

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், எல்லாம் நலம். குழந்தை உதைக்கிறது. என் மாதிரியே அவசரக்காரக் குழந்தை.

உனக்கு வியாபாரம் தெரியவில்லை என்பது உன் கடிதத்தைப் படித்ததும் உறுதியாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. டிரைவர், நர்ஸ், தபால்காரர், ஆளுக்கு ஒன்று! இதைவிடத் தெளிவாக ஒருவன் தன்னைக் காட்டிக்கொடுக்க முடியுமா? மொத்தமாக வாங்கினால் விலை ஏறிவிடும் என்று பத்துப் பேரை அனுப்பி ஒவ்வொன்றாக வாங்குகிறான். வாசலில் கிழித்துப் படிப்பதெல்லாம் உன் கண்ணில் மண்ணைத் தூவ. பலே ஆள்தான். ஆனால் அவன் என்னிடம் மாட்டிக்கொண்டான்.

ஆகவே இன்னும் நாலு பெட்டி வாங்கிவிட்டேன், இந்த வாரமே உனக்கு வரும். விலை இப்போது மூன்று மடங்கு. வெள்ளி முலாம் பூசிய அட்டையோடு சிறப்புப் பதிப்பு வேறு வரப் போகிறதாம். சந்தையில் சொல்லிவிட்டேன், கையில் இருப்பதை எவனும் விற்கக் கூடாது என்று. என் மாமனாரே போன வாரம் வந்து, தன் ரிட்டயர்மென்ட் பணத்தில் கொஞ்சம் இதில் போடட்டுமா, உங்கள் பெட்டியில் பாதியைக் கொடுங்கள் என்றார். நாற்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், மேலிருந்து பார்த்துப் பழகியவருக்கே புரிந்துவிட்டது பார். நான்தான், "இன்னும் ஏறும் மாமா, இப்ப குடுக்கறதா இல்லை"ன்னு சொல்லி அனுப்பிவிட்டேன்.

அட்வான்ஸ் பணம், அட்வான்ஸ் பணம் என்று ஏன் அரிக்கிறாய்? இரண்டு அறை என்ன, மூன்று அறை வீடே பார்க்கலாம். பொறுத்திரு.

அடுத்த கடிதத்தை மூன்று அறை வீட்டிலிருந்து எழுத நினைக்கும்,
தம்பி

*

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணனும் சௌக்கியம்தானே? நான் நன்றாக இருக்கிறேன். கால் மட்டும் வீங்குகிறது. டாக்டர் காலை நீட்டி உட்காரச் சொல்கிறார், இந்த அறையில் காலை நீட்டினால் கதவைத் திறக்க முடியாது.

அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். வீட்டு அட்வான்ஸுக்கு வைத்திருந்தது முழுவதும் உங்கள் மாடியில் பெட்டியாக இருக்கிறது அண்ணி. எனக்கே போன வாரம்தான் தெரியும். பாங்குப் புத்தகத்தில் பார்த்தேன். கேட்டால், "நாலு மாசத்துல பாரு"ன்னு மட்டும் சொல்கிறார். வீட்டுக்காரர் ஜூலை கடைசிவரை காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், அதற்கு மேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

என் அப்பாவிடம் கேட்டால் அன்றைக்கே கொடுத்துவிடுவார். ஆனால் இவருடைய ரோஷம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தில் யாரோ ஒரு பெரியவர், "மாமனார் இருக்க மாப்பிள்ளைக்கு என்ன கவலை"ன்னு சிரித்தாராம். அன்றைக்குச் சபதம் போட்டவர், இதுவரை அப்பா வாங்கிக் கொடுத்த குடையைக்கூடப் பிரிக்கவில்லை. அப்பா, "ஏதாவது குறையுதா மாப்பிள்ளை"ன்னு கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

நான் எழுதியதாகச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார், இல்லை, கேட்பது போலாவது உட்கார்ந்திருப்பார்.

உங்கள் கையால் ஒரு நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி மனைவி

*

மே 10

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அவளுக்குக் கால் வீங்காமல் பார்த்துக்கொள். ஏழாம் மாதம் ஆனால் வீங்கும், அதனால் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

எட்டுப் பெட்டியும் மேலே இருக்கிறது. நானூறு புத்தகமும் உறைக்குள்தான் இருக்கிறது, உன் மேல் ஆணை. நேற்றும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

நான் சொல்வதைக் கேள். விற்றுவிடு. இப்போதே விற்றுவிடு. மூன்று மடங்கு என்று நீதானே எழுதினாய், மூன்று மடங்கு போதாதா? உன் அத்தான்கூட, தலைவலித் தைலத்தை முதுகில் தடவிக்கொண்டே, "அவன் நல்ல நேரத்துல கையைக் கழுவிட்டா நல்லது"ன்னு சொல்கிறார். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் பெட்டி பெட்டியாக வைத்துக்கொண்டு காத்திருந்தால், கடைசியில் வாங்குகிறவன் யாரடா? எனக்கு வியாபாரம் தெரியாதுதான். ஆனால் பதினேழு வருஷமாக ஒரு கடையைக் கடன் இல்லாமல் நடத்துகிறேன். உன் மேசைக்கு வயது மூன்று மாதம்.

விற்ற பணத்தை வேறு எதிலும் போடாதே. நேராக வீட்டுக்காரரிடம் போ.

திட்டியதுபோல இருந்தால் திட்டியதாகவே வைத்துக்கொள்,
அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

நீ சொன்னபடியே விற்றுவிட்டேன். எட்டுப் பெட்டியும் ஒரே பார்ட்டிக்கு. வருகிற சனிக்கிழமை வேனோடு வந்து எடுத்துக்கொள்வார். பணம் பேசி முடித்தாயிற்று. அவர் கொடுப்பதை வாங்கி வை, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அவரிடம் அதிகம் பேச வேண்டாம். கதையைப் பற்றியும் பேசாதே, புத்தகக் கடையைப் பற்றியும் பேசாதே. கடிதத்தில் யார் என்று எழுதவில்லை, நேரில் பார்த்தால் தெரியும். நீயாக ஒன்றும் கேட்காதே.

அவள் நன்றாக இருக்கிறாள்.

தம்பி

*

ஜூன் 9

தம்பி,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்று நீயும் கேட்கவில்லை, நானும் இன்றைக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை வேனிலிருந்து இறங்கியது உன் மாமனார். சம்பந்தி, நீங்களா என்றேன். "மாப்பிள்ளை சொல்லலையா? சர்ப்ரைஸா இருக்கட்டும்னு விட்டிருப்பார்" என்று சிரித்தார். கக்கத்தில் துணிப்பை. பெஞ்சில் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன். அவர் பேசப் பேச எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதலில் அவர் கேட்டபோது மாட்டேன் என்றாயாம், போன மாதக் கடைசியில் நீயாகவே வீட்டுக்குப் போய், சரி மாமா, உங்களுக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்றாயாம். அவருக்கு ஒரே பெருமை. "பேரனோ பேத்தியோ, அது பேர்ல போட்டு வைக்கப் போறேம்மா. மாப்பிள்ளை கணக்கு தப்பாது" என்றார்.

பெட்டியை எடுத்து வருகிறேன் என்று மாடிக்குப் போனேன். போய் நின்றுகொண்டே இருந்தேன். டிரையர் சூட்டில் வேர்த்துக் கொட்டியது.

நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பிய்ந்துபோன பெட்டியிலிருந்து அன்றைக்கே ஒன்றை எடுத்துப் படித்தேன். அதைக் கீழே பெஞ்சில் வைத்தேன். பஸ் டிரைவர் படித்தார், நர்ஸ் படித்தாள், பக்கம் கிழிந்தது, இன்னொன்றைப் பிரித்தேன். இப்படி ஐம்பதும் போயிற்று. உன் பெரிய கை, கண்ணில் மண்ணைத் தூவிய கை எல்லாம் நான்தான். முதல் இதழை என் பெஞ்சில் படித்தவர்கள்தான் இரண்டாவது இதழ் வாங்கக் கடைக்கு ஓடினார்கள். அதைப் பார்த்துத்தான் உன் விலைப் புத்தகம் அம்பு போட்டது, அதைப் பார்த்துத்தான் நீ இன்னும் நாலு பெட்டி வாங்கினாய். அட்வான்ஸ் பணம் அதில்தான் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே பெஞ்சிலிருந்ததை எடுத்துவிட்டேன். எப்படித் தெரியும் என்று கேட்காதே. வாடிக்கையாளர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டு வாங்கி வந்து, மடிப்பை இஸ்திரி போட்டு, கம்பளிக்கு உறை ஒட்டுகிற நம் மெஷினில் ஐம்பதையும் ஒட்டி வைத்தேன். முகம் தெரியாத பார்ட்டி யாராவது வந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு கொடுத்து அனுப்பியிருப்பேனோ என்னவோ. அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் வந்தது சம்பந்தி. அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். பிரித்துப் படியுங்கள் என்றேன். பதறிப்போனார். "பிரிக்கக் கூடாதாமேம்மா!" நானே வெட்டிக் கையில் கொடுத்தேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன, 'கம்பளிக்கு மட்டும்'னு போட்டிருக்கு?" என்றார். அச்சடித்த ரோல் அது, எனக்குக் கவனம் இல்லை. அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? பெஞ்சு, மெஷின், எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகக் கடைக்காரர் போன வாரம் சொன்னதையும் சொன்னேன். காமிக்ஸ் கம்பெனி வேன் வந்து முதல் இதழைப் பாதி விலைக்குக் கட்டுக்கட்டாக இறக்கப் பார்த்ததாம், இவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாராம்.

சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். இடையில் ஒரு தடவை சிரித்தார். முடித்துவிட்டு, "இவ்வளவு அவசரமா ஏன் விக்கறார்?" என்று கேட்டார். வீட்டு அட்வான்ஸைச் சொன்னேன். 

"அந்த வீடு என் பொண்ணுக்குத்தானேம்மா. கேட்டிருந்தா நேராவே குடுத்திருப்பேனே. நடுவுல எதுக்கு எட்டுப் பெட்டி?"

போகும்போது திரும்பி நின்று இன்னொன்று கேட்டார். "கம்பெனி இப்படி இறக்கறது மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாது சம்பந்தி, அவனைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். பெட்டிகளைத் தொடவில்லை. படித்த அந்த ஒரு புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நீ எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். விலை ஏறும் என்று நம்பிய நாளில் அவருக்குக் கொடுக்க மாட்டேன் என்றாய். கொடுக்கிறேன் என்று போன நாளில் என்ன நம்பினாய்? விழப் போகிறது என்று தெரிந்தே அவர் தலையில் கட்டப் பார்த்தாயா, தெரியாமலா? தெரியாமல் என்றால் உன் காலில் விழுகிறேன், ஐம்பது புத்தகத்துக்கும் பணம் தருகிறேன். எழுது.

உன் அக்காவாக இருப்பதில் எந்த மாற்றமும் இல்லாத,
அக்கா

*

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கோபம் என்றால் திட்டி எழுது, நான் ஒன்றும் கரைந்துபோக மாட்டேன். விலைப் புத்தகம் புதுசு வந்ததாம், கண்ணாடி வீரன் பெயரே அதில் இல்லை என்று கடைக்காரர் சொன்னார். அவளுக்கு நாள் நெருங்கிவிட்டது. குழந்தைத் துணி ஒரு மூட்டை துவைத்து வைத்திருக்கிறேன், எங்கே அனுப்ப?

அத்தான் உன்னைக் கேட்டார். முதுகு நன்றாக இருக்கிறது.

அக்கா

*

ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

தாயும் சேயும் நலம். பெண் குழந்தை. மூக்கு உன்னுடையது, பாவம். அத்தானிடம் சொல், தூக்குவதற்கு வாளியைவிட நல்லதாக ஒன்று வந்திருக்கிறது என்று.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். இந்தக் கடிதத்தையே அதற்காகத்தான் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். திறக்காதே என்றால் திறந்தாய். பெஞ்சில் போட்டாய். இஸ்திரி போட்டாய் அக்கா, இஸ்திரி! காமிக்ஸ் சேர்க்கிற எவனிடமாவது இதைச் சொன்னால் மயங்கி விழுந்துவிடுவான். ஐம்பதுக்கும் பணம் வேண்டாம். இப்போது அது பழைய பேப்பர் விலைக்கும் போகாது.

நீ கேட்டதற்குப் பதில். மே மாதக் கடைசியில் ஒன்பதாவது பெட்டி வாங்க, எனக்குப் பெட்டி விற்கிற ஏஜென்டின் கோடவுனுக்குப் போனேன். ஷட்டரைத் தூக்கினான். கூரை வரைக்கும் கண்ணாடி வீரன். எல்லாம் முதல் இதழ். லட்சக்கணக்கில் அச்சடித்திருக்கிறார்கள், வாங்கியவன் எல்லாம் என்னைப் போலவே பெட்டியோடு காத்திருக்கிறான், படிக்கிறவன் எவனும் இல்லை. இல்லை, உன் பெஞ்சில் கொஞ்சம் பேர் இருந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. வாங்குகிறேன் என்று கேட்ட ஆள் ஒருவர் இருக்கிறார். அங்கிருந்து நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார்.

கடனாக ஒரு பைசா அவரிடம் கேட்கக் கூசியவனுக்கு, அவர் தலையில் எட்டுப் பெட்டியைக் கட்டக் கூசவில்லை. வியாபாரம்தானே என்று சொல்லிக்கொண்டேன். உன் கடிதம் வந்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

போன மாதக் கடைசி ஞாயிறு சந்தைக்குப் போய் என் மேசையைச் சுற்றி நின்றவர்களிடம் கோடவுனில் பார்த்ததைச் சொன்னேன். ஒருவன் மேசையைக் கவிழ்த்தான். நியாயம்தான். 'சார்' போய்விட்டது. லேப் முதலாளி பழைய ஸ்டூலையே எடுத்துப் போட்டார், அடுத்தவன் வாய்க்கு மறுபடி அளவெடுக்கிறேன். வேலை நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்றும் மோசமில்லை.

பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமாவும் நானும் மட்டும். அவர் உன் கடைக்கு வந்து போனதிலிருந்து என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அன்றைக்கும் எடுத்திருக்க மாட்டார். நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மாமா, அன்னிக்கு உங்ககிட்ட வந்தப்ப எனக்குத் தெரியும். விழப் போகுதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போனால் தடுக்கவும் எனக்கு வாய் இல்லை. "சரி, சொல்லிட்டீங்க" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, இரண்டு வருஷமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருப்பதையே மறுபடி கேட்டார்.

"வீட்டுக்கு எவ்வளவு குறையுது மாப்பிள்ளை?"

இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை. தொகையைச் சொன்னேன்.

உன் தம்பி